அட்டையின் பின்பக்கம்

வாரண்டி அட்டையின் பின்பக்கத்தை முழுவதும் படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நான் படிப்பேன். கல்லலில் நூலக வேலை, இருபது வருடமாக. கையில் கிடைத்த எழுத்தைப் படித்து முடிக்காமல் கீழே வைக்க வராது. முக்கியமான வரிக்குக் கீழே பென்சிலால் மெல்லிய கோடு போடும் பழக்கமும் உண்டு. நூலகப் புத்தகத்தில் மற்றவர்கள் அப்படிச் செய்தால் கண்டிக்க வேண்டியவள் நான்தான்.

ஸ்டேஷனில் நீங்கள் கையெழுத்துக்குக் கொடுத்த தாளையும் அப்படித்தான் படித்தேன், ஐயா. என் மகள் ஸ்வேதா இறந்ததையும், முப்பதாம் நாள் அதே குளியலறையில் என் தம்பி காளிராஜ் இறந்ததையும் ஒரே சொல்லில் எழுதியிருக்கிறீர்கள்: விபத்து. அதில் ஒரு திருத்தம் இருக்கிறது.

காளிராஜுக்குத் தேவகோட்டையில் கடை. எந்தக் கம்பெனியின் பெயர்ப்பலகையும் அங்கே கிடையாது. எல்லாக் கம்பெனிச் சாமானும் கிடைக்கும். போன தை மாதம் காரைக்குடியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது டிவி, வாஷிங் மெஷின், குளியலறை ஹீட்டர் மூன்றையும் அவனிடம்தான் எடுத்தேன். என் கணவர் சேவுகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். போனில் சொன்னார்: "ஷோரூம்ல பில் போட்டு எடு. உன் தம்பி கடையில பில்லும் இருக்காது, மண்ணும் இருக்காது. வாய் மட்டுந்தேன் இருக்கும்." நான் கேட்கவில்லை. கூடப்பிறந்தவன் கடை வைத்திருக்கும்போது வேறு கடைக்குப் போவது எனக்கு அவமானமாக இருந்தது.

ஹீட்டரின் வாரண்டி அட்டையில் விற்பனையாளர் முத்திரை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கேட்டேன். சிரித்தான்.

"கம்பெனிக்காரன் வந்து என்னத்தக்கா பாக்கப் போறான்? நாந்தேன் வாரண்டி. ஒரு வருசத்துக்கு என்ன ஆனாலும் ஏங்கிட்ட கேளு."

"அதை எழுதிக் குடு" என்றேன் விளையாட்டாக. அவனும் விளையாட்டாகவே அந்தக் காலி இடத்தில் 'நானே பொறுப்பு, காளிராஜ்' என்று எழுதினான். அட்டையை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் ஸ்வேதா வந்து சொன்னாள்: "அம்மா, குழாயத் தொட்டா சுள்ளுங்குது."

தெருவில் வேலை செய்துகொண்டிருந்த எலக்ட்ரீஷியன் இராமுவைக் கூப்பிட்டேன். அவன் ஸ்க்ரூடிரைவரை வைத்த இடத்தில், திருகாணிக்கு மேல், 'பிரித்தால் வாரண்டி செல்லாது' என்று சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"அஞ்சு நிமிசந்தேன்க்கா, தொறந்து பாத்துருவோம்."

வேண்டாம் என்றேன். அவன் போனபிறகு காளிராஜுக்குப் போன் செய்தேன்.

"தொறந்துப்புடாதக்கா. சீல் போச்சுன்னா அப்புறம் யாரும் பொறுப்பில்ல. நான் ஆள் அனுப்புறேன். அதுவரைக்கும் பிள்ளைய ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுக் குளிக்கச் சொல்லு."

ஸ்வேதாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "கோயிலுக்குப் போனா கழட்டுறோம், குளிக்கப் போனா மாட்டுறோம். நம்ம வீடே தனிதாம்மா" என்பாள். ஒன்பது நாள் அப்படிக் குளித்தாள். காளிராஜ் சொன்ன ஆள் வரவில்லை. பத்தாம் நாள் செருப்பின் வார் அறுந்துபோனது. கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று வெறுங்காலோடு போனாள்.

அதன்பிறகுதான் இராமு அந்த ஹீட்டரைத் திறந்தான். "இது கம்பெனிச் சரக்கே இல்லக்கா. பழசத் தேய்ச்சுப் புதுப் பெட்டியில போட்டுருக்காக. எர்த் வயர் சும்மா தொங்குது பாருங்க." வயரைத் துண்டித்துவிட்டு, சுவரிலிருந்து இறக்கிவிடச் சொன்னான். அப்புறம் பார்க்கலாம் என்றேன். மேல்மூடியை மட்டும் பழையபடி மூடி வைக்கச் சொன்னேன்.

காளிராஜ் வந்து எல்லோரையும்விடச் சத்தமாக அழுதான். பிறகு உங்கள் ஆட்களிடம் தாழ்ந்த குரலில், "அக்கா வீட்டு வயரிங்கே சரியில்ல சார்" என்றான். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை. என் கணவர் வந்து பதினாறாம் நாள் வரை இருந்தார். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

முப்பதாம் நாள் படையலுக்கு முந்தின நாள் மதியம், துண்டித்த வயரை நானே சேர்த்தேன். பெரிய வேலை இல்லை. புதுச்சாமான்மேல் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளை நாங்கள் அதுவரை உரிக்காமல் வைத்திருந்தோம். அதை உரித்ததும் ஹீட்டர் பளபளவென்று ஆகிவிட்டது. குளியலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வேறு யாரும் போய்விடக் கூடாது அல்லவா.

மறுநாள் காலையில் காளிராஜும் அவன் மனைவி வீரலட்சுமியும் மழையில் தொப்பலாக நனைந்து பைக்கில் வந்தார்கள். குளித்துவிட்டுத்தான் படையலில் நிற்க வேண்டும். காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "கம்பெனியில இருந்து வந்து புது ஹீட்டர் மாட்டிட்டுப் போனாக. உன் அட்டையக் காட்டுனேன். ஒண்ணும் கேக்கல."

அவன் விற்ற சரக்குக்கு எந்தக் கம்பெனியும் வராது என்பது அவனுக்குத் தெரியும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'அக்கா, அது பொய் அட்டை, கிட்டப் போகாதே.' அவன் காப்பியைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல" என்றான்.

நான் பூட்டைத் திறந்தேன். வீரலட்சுமி துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப நான் மொதல்ல ரெண்டு சொம்பு சுடுதண்ணி ஊத்திக்கிறேன் மதினி. குளுரு தாங்கல."

"அங்குட்டுப் போகாத" என்றான் அவன் சட்டென்று. "பின்னாடி அடிகுழாயில குளி."

"ஏன், தொரை மட்டும் சுடுதண்ணியில குளிப்பீகளோ?" என்று அவள் கேலி செய்தாள். படையலுக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். தன் மனைவிக்கு வேண்டாம் என்று அவனுக்குத் தெரிந்திருந்ததை நானும் பார்த்தேன்.

"ஏண்டா, உன் வாரண்டிய நீயே நம்பலையா?" என்றேன்.

மாட்டேன் என்றால் அத்தனை பேர் முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அவள் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருப்பான். சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே இரும்புக் குழாயில்தான் வருகின்றன. சுவிட்சு வெளியே, கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் வீரலட்சுமி அடிகுழாய் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அட்டையின் முன்பக்கத்தில், ஓராண்டுக்குள் பழுது நேர்ந்தால் ஈடாக மாற்றித் தரப்படும் என்று இருக்கிறது. அதற்குக் கீழே அவன் கையெழுத்து. ஓராண்டு முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதில் எழுதியிருப்பதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே உங்கள் தாளில் இரண்டாவதை அடித்துவிட்டுக் கொலை என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். முதலாவதை அப்படியே விட்டுவிடுங்கள், அது விபத்துதான். என் மகள் விஷயத்தில் நான் எந்தத் தவறும் செய்யவில்லை. ஒரு சீலைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான்.

அட்டையைத் திருப்பினால் ஏழாவது வரி, 'அங்கீகாரம் பெறாத கடையில் வாங்கிய பொருளுக்கு இந்த அட்டை செல்லாது.' அதன் கீழே பென்சில் கோடு ஒன்று இருக்கும். அது நான் போட்டது, சாமான் வந்து இறங்கிய அன்று.