முடி வெட்டிக்கினவ

வேணி: இருண்ணா, இரு... இப்ப அழுவுறாளே, இவ ஜப்பான்காரியா, கொரியாக்காரியா?

நந்தகோபால்: கொரியா. சத்தம் போட்டு அழுதா கொரியா. ஜப்பான்காரி முதுக காட்டிக்கினு அழுவா.

வேணி: அந்தக் கிழவரு?

நந்தகோபால்: அவளோட அப்பா.

வேணி: நேத்து போட்டப்ப மாமனாருன்னியே!

நந்தகோபால்: அப்பா மாதிரி மாமனாரு... கம்முனு பாரேன். வீடியோ டெக்க அஞ்சு மணிக்கெல்லாம் திருப்பிக் குடுத்துடணும்னு பக்கத்து வூட்டு ஹலீமா பீ சொல்லிட்டாங்க.

வேணி: ஆறு மாசம் கொரியாவுல ஷூ ட்ரெய்னிங். வர்ற வழியில ஜப்பான்ல எறங்கி லோகநாதன பாத்துட்டு வர்றேன்னு எழுதின. ஆம்பூரு வந்து மூணு நாளாச்சி. அவரு எப்ப வர்றாருன்னு கேட்டா கேசட்ட போடற.

நந்தகோபால்: சொல்றேம்மா...

வேணி: நிச்சயம் பண்ணி ரெண்டு வருஷம்ணா. தைல கல்யாணம்னு ஊருக்கே சொல்லியாச்சி.

நந்தகோபால்: சொல்றேன்னு சொல்றேன்ல! மொதல்ல இத பாரு. இது... ஆங், இது ஜப்பான். பத்து வருஷத்துக்கு முந்தி எடுத்தது. அங்க டிவியில மறுபடியும் போட்டான், கேசட்டுல புடிச்சிக்கினு வந்தேன்.

வேணி: இவ இன்னாத்துக்கு டீயே ஊத்திக்கினு இருக்கா?

நந்தகோபால்: புருஷன் கப்பல்ல போய்ட்டான். காத்துக்கினு இருக்கா. அப்பல்லாம் ஜப்பான் கதையில பொம்பளைங்க அப்டித்தான். டீ ஊத்துவாங்க, காத்துக்கினு இருப்பாங்க.

வேணி: வருவானா?

நந்தகோபால்: வர மாட்டான்.

வேணி: அத அவகிட்ட சொன்னானா?

நந்தகோபால்: எவன்?

வேணி: கப்பல்ல போனவன்!

நந்தகோபால்: ஓ... இல்ல. தைரியம் இல்ல அவனுக்கு. இரு, வேற கேசட்டு போடறேன். இதுவும் ஜப்பான்தான், போன வருஷத்துது. எப்டி மாறிட்டாங்க பாரு! கோட்டு, ஆபீசு, ரயிலு... இவளையும் ஒருத்தன் உட்டுட்டு போய்ட்டான். டீ ஊத்திக்கினு ஒக்காந்திருந்தாளா? முடிய வெட்டிக்கினா, வேலைக்கு போறா.

வேணி: சிரிச்சிக்கினு இல்ல பேசறா?

நந்தகோபால்: அது... உள்ளுக்குள்ள வெச்சிக்கினு சிரிக்கிறா.

வேணி: கொரியாக்காரி மாறலியா?

நந்தகோபால்: அவங்க நம்மள மாதிரி. மாமியா, நாத்தனா, எல்லாம் ஒண்ணா ஒக்காந்து சோறு, அப்பால சண்டை. கருப்பு வெள்ளையில ஒரே அழுகாச்சி. கலர் வந்து அஞ்சாறு வருஷம்தான் ஆச்சி, இப்ப அவங்களுக்கும் கொஞ்சம் ரோஷம் ஜாஸ்தி. இரு, அந்தக் கொரியா கேசட்ட போடறேன்... அதோ பாரு, மோதரத்தையே கழட்டிட்டா! அவன் வேணாம்னுட்டா!

வேணி: பாத்திரம் கழுவப் போறாண்ணா. அதுக்குக் கழட்டினா.

நந்தகோபால்: பாஷை தெரிஞ்சவன் நானா, நீயா?

வேணி: அவ அவ்ளோ நேரம் பேசறா, நீ ரெண்டு வார்த்தை சொல்ற. இவ சும்மா தலைய ஆட்டறா, நீ ரெண்டு நிமிஷம் சொல்ற. ஒரே பேஜாரா இருக்கு. ஜப்பானோ கொரியாவோ, பழசோ புதுசோ... எல்லாத்துலயும் ஒருத்தன் போய்ட்டான், எவளும் அவனுக்காக காத்துக்கினு இருக்கக் கூடாது. அவங்க ஊர்ல வேற கதையே இல்லியா?

நந்தகோபால்: இரும்மா, இந்த கேசட்டு முடியட்டும்...

வேணி: டிவிய பாக்காத. என்னைப் பாரு. லோகநாதன் இன்னா பண்ணாரு?

நந்தகோபால்: வேணி... எனக்கு அந்த பாஷையில ஒரு எழுத்து தெரியாதும்மா.

வேணி: அத கேக்கல.

நந்தகோபால்: அவன் வேலை செய்ற தோல் கம்பெனி கேன்டீன்ல ஒரு பொண்ணு... கட்டிக்கினான்மா. நேர்ல பாத்தேன். கைய ஓங்கிட்டேன், அந்தப் பொண்ணு குனிஞ்சி கும்புடு போட்டா... ஒண்ணும் பண்ண முடியல. உன்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியாம கேசட்டு கேசட்டா போட்டுக்கினு இருந்தேன்.

வேணி: அழுவாதண்ணா... கட்டிக்கினேன்னு அவரே எனக்கு லெட்டர் போட்டு நாலு மாசமாச்சி, என் ட்ரங்கு பொட்டியிலதான் கெடக்குது. உனக்கு எழுதினா நீ ட்ரெய்னிங்க பாதியில உட்டுட்டு ஓடி வந்துடுவன்னுதான் அம்மாகிட்ட கூட சொல்லல. மூணு நாளா உன் வாயால வருதான்னு பாத்துக்கினு இருந்தேன். மணி நாலரைதான் ஆவுது, அந்த முடி வெட்டிக்கினவள இன்னொரு தபா போடு... இந்த தபா நீ ஒண்ணும் சொல்லாத.