நாலு சீட் தள்ளி

மலேசியாவில், ஈப்போவிலிருந்து பீடோர் போகும் பஸ்ஸில் இரண்டு கல்லூரிப் பெண்கள் ஏறினார்கள். இருவருக்கும் முகக்கவசம். கண் சிவந்திருந்தவள் கடைசி சீட்டுக்குப் போய் ஜன்னலைத் திறந்தாள். மற்றவள் நாலு சீட் முன்னால் உட்கார்ந்து, கைப்பேசியில் அவளையே கூப்பிட்டாள். நடுவில் இருந்த எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

“ஒரே பஸ்ஸுல இருந்துக்கிட்டு போன் எதுக்கு லா?” என்றாள் பின்னால் இருந்தவள்.

“இவ்ளோ தூரத்துக்கு நீ கத்தணும். கத்தினா இருமல் வரும்.”

“ஹாஸ்டல் வார்டன்கிட்ட போட்டுக் குடுத்துட்டு இப்ப அக்கறையா?”

“மூணு நாளா இருமிக்கிட்டே கிளாஸுக்குப் போறே. ரூம்ல தேவிக்கு இழுப்பு இருக்குன்னு தெரியும்ல?”

பின்னால் இருந்தவளின் குரல் இறங்கியது.

“தேவி எப்படி இருக்கா?”

“காலைல மூச்சு விடக் கஷ்டப்பட்டா. கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். இப்பப் பரவால்ல.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா அழுவே.”

“சரி, என்னைத்தானே வீட்டுக்குப் போகச் சொன்னாங்க. நாளைக்குக் கிளாஸ் டெஸ்ட்டை வச்சிக்கிட்டு நீ எதுக்கு வாரே?”

“காய்ச்சலோட தனியாப் போறே. வழியில மயங்கிட்டா? பீடோர்ல ஒங்கப்பாகிட்ட விட்டுட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிடுவேன்.”

பின்னாலிருந்து இருமல் வந்தது. முன்னால் இருந்தவள் சட்டென்று கைப்பேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

“போன்ல ஒட்டிக்காது லா,” என்றாள் பின்னால் இருந்தவள், அழுதுகொண்டே சிரித்து.