பகல்நேர அழுகைக்கு ஒரு விருது

மேடைக்கு மேன்மை சேர்க்கும் தலைவர் அவர்களே! பகல்நேரத் தொலைக்காட்சியையும் கலையென்று மதித்து விருது வகுத்த பெரியோர்களே! சாப்பிட்ட கை காயுமுன்னே எங்கள் தொடர்களின் முன் வந்தமரும் தாய்மார்களே! துணைக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டு, அவர்களைவிட ஆவலாய்க் கதை கேட்கும் தந்தைமார்களே! என் கரகரத்த குரலின் கனிவான வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியாது. இந்த முகத்தை யாரும் திரையில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் விருது கிடைத்திருக்காது. சிரிக்காதீர்கள், அதோ முன்வரிசையில் கதாநாயகி இருக்கிறார், ஒப்பிட்டுப் பாருங்கள்! அவர் வாயசைப்பார், நான் அழுவேன். பின்னணிக் குரல் கொடுப்பவள் நான். அதிலும் அழுகைக்கென்றே அழைக்கப்படுபவள். சிரிப்பதற்கு வேறொருத்தி இருக்கிறாள். நம் தொடர்களில் அவளுக்கு வேலை குறைவு.

விம்மல் வேண்டுமா? தருவேன். விசும்பல் வேண்டுமா? தருவேன். வீடே அதிரும் ஓலம் வேண்டுமா? ஒரு டீ குடித்துவிட்டுத் தருவேன்!

அந்த ஆணவத்தில் ஒருநாள் இயக்குநர் ஊசி குத்தினார்.

"அக்கா, நீங்க நல்லாத்தான் அழறீங்க. ஆனா எனக்கு அழுகை வரலையே! புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு. அதை வச்சுப் பாக்கலாம்னு இருக்கேன்."

விடுவேனா? எதிரொலி நன்றாயிருக்குமே என்று மறுநாள் மதியம் வீட்டுக் குளியலறையில் கதவைத் தாழிட்டு ஒத்திகை தொடங்கினேன். உணர்ச்சிவசப்பட்டு ஒரு காலை முன்னே வைத்தேன். அங்கே சோப்பு இருந்தது. கால் ஒரு பக்கம், கலை ஒரு பக்கம், நான் தரையில்! எழ முடியவில்லை. கணுக்கால் முறிந்திருந்தது.

"ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று அலறினேன். கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமியார் குரல் கொடுத்தார்: "ஒத்திகை போதும்மா, சீரியல் கேக்கல!" அதே நேரம் எங்கள் குடியிருப்பின் எல்லா வீட்டு டிவியிலும் என் குரல்தான் அழுதுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டம்மா சன்னலோரம் சொன்னது தெளிவாகக் கேட்டது: "இன்னிக்கு ரொம்ப நல்லா அழறா!"

வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு, நான் விழுந்து கிடந்தபோது!

பழகிய அழுகையெல்லாம் தீர்ந்தது. பிறகு வந்தது ஒன்று. மூக்கு ஒழுக, மூச்சு முட்ட, சொல் பாதியில் தொலைந்துபோக, கேட்கவே சகிக்காத அழுகை. கூடத்தில் டிவி சட்டென்று நின்றது. மாமியார் ஓடிவந்தார். பக்கத்து வீட்டாரைக் கூட்டிவந்து தாழ்ப்பாளைப் பெயர்த்தார்.

மருத்துவமனையில் கேட்டேன்: "இதுதான் நிஜம்னு எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க?"

"நிஜ அழுகை எனக்குத் தெரியாதா? தினம் நான் அழறேனே."

"நிஜ அழுகையா? நீங்களா? எப்ப?"

"உன் சீரியல் ஓடும்போதுதான். மாமா போனதிலிருந்து. சும்மா உக்காந்து அழுதா நீங்கள்லாம் ஏன் ஏன்னு பதறுவீங்க. சீரியல் பாத்து அழுதா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டீங்க."

அவையோரே! என் குரலின் வலிமையால் மாமியாரே அழுகிறார் என்று ஒலிப்பதிவுக் கூடம் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தவள் நான்!

மாவுக்கட்டோடு போய் இயக்குநரிடம் ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டேன். ஒலிவாங்கியின் முன் நின்றேன். கணவனை இழந்து கூடத்தில் தனியே அமர்ந்திருக்கும் அந்த முகத்தை நினைத்தேன். அழுதேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் கேட்டார்: "என்னக்கா, ஆடு கத்துற மாதிரி இருக்கு! திரும்ப எடுக்கலாமா?"

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "வேண்டாம். இதே இருக்கட்டும்" என்றார்.

அந்த ஆட்டுக்குத்தான் இன்று இந்த விருது! கைதட்டுங்கள், தயங்காமல் தட்டுங்கள்!

விழாவுக்கு மாமியாரையும் அழைத்தேன். "மத்தியானமா? எனக்கு வேலை இருக்கும்மா" என்றுவிட்டார். என்ன வேலையென்று நான் கேட்கவில்லை.

பகல்நேரத் தொடரா, வெட்டிக்கதை என்பார்கள். ஆம், ஒரே முகத்தை மூன்று முறை காட்டுகிறோம். மூன்று முறை இடி இடிக்கிறோம். இது உயர்ந்த கலையா? சத்தியமாய் எனக்குத் தெரியாது! ஆனால் ஓர் இடிக்கும் மறு இடிக்கும் இடையே, ஏதோவொரு கூடத்தில், எவருக்கும் விளக்கம் சொல்லாமல் ஒருத்தி தன் சொந்தத் துயரை அழுதுகொள்கிறாள். அவள் அழுகையை மறைக்க ஒரு சத்தம் வேண்டாமா? அவள் மானத்தைக் காக்க ஒரு கூச்சல் வேண்டாமா? அந்தக் கூச்சல் நான்! அந்தச் சத்தமாய் இருப்பதைவிட எனக்கென்ன பெருமை வேண்டும்?

கேட்டவர்களுக்கும், கேட்பதுபோல் முகம் காட்டிய கதாநாயகிக்கும் நன்றி. அழ இடமின்றி அமர்ந்திருக்கும் அம்மாக்கள் அனைவருக்கும் என் வணக்கம்.