தோற்றவன் சொல்லட்டும்

இப்போதெல்லாம் யாரும் ஒரு சண்டையை ஒழுங்காக முடிப்பதில்லை, ஐயா. கை கொடுக்கிறார்கள், போட்டோ பிடிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். உள்ளே இருப்பது உள்ளேயே கிடக்கிறது.

என் பெயர் பொன்னையா. லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடமாக வாச்சராகக் காவல் பார்க்கிறேன். என் பேரன் விஜிதரன் அங்கேதான் பத்தாம் ஆண்டு. கூடப் படிக்கிற சுமன் மாதக்கணக்காக அவனை அடித்தான். சட்டையைக் கிழித்தான். கக்கூசுக்குள் தள்ளிப் பூட்டினான். அவர்கள் வகுப்பு வாத்தியார் பாலச்சந்திரன் சார் இருவரையும் கூப்பிட்டுப் பேசிவிட்டு, "பெடியள் ராசியாகிட்டினம் ஐயா, இனி விடுங்கோ" என்றார். யாழ்ப்பாணத்து மனுஷர், நல்லவர்தான். நான் நம்பவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேரும் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். அதையும் நம்பவில்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. சண்டைக்காரர்கள் இருவரையும் ஒரு காம்பரா அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டுவோம். தோற்றவன் தன் வாயால் "போதும்" என்றால்தான் திறப்போம். ஜெயித்தவன் கத்தினால் திறக்கக் கூடாது. அதோடு சண்டை தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும், கிரிக்கெட் சாமானை அடுக்கச் சொல்லி இருவரையும் சாமான் அறைக்குள் அனுப்பினேன். பூட்டினேன். வழக்கத்தையும் சொன்னேன். சிரித்தார்கள்.

"தாத்தா, நாங்க இப்ப கூட்டாளிங்க. தொறங்க, பஸ்சு போயிரும்."

"ஒங்க தாத்தாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுடா" என்றான் சுமன்.

அரை மணி நேரம் பொறுத்தேன். அடிதடிச் சத்தமே இல்லை. அதனால் கதவுக்குப் பக்கத்தில் போய், "டேய் விஜிதரா, சவூதிக்குப் போன ஒங்கம்மாவப் பத்தி இவன் கடையில என்ன பேசுனான் தெரியுமா?" என்று ஆரம்பித்து முழுவதும் சொன்னேன். சுமன் அப்படி எதுவும் பேசியதில்லை. நான்தான் யோசித்துச் சொன்னேன்.

"பொய்டா, சாமி சத்தியமா பொய்டா" என்று சுமன் சொன்னது கேட்டது. பிறகு விக்கெட் கட்டையின் சத்தம். ஆறோ ஏழோ அடி.

கொஞ்ச நேரத்தில் பேரன் கதவைத் தட்டினான்.

"தாத்தா, தொறங்க. சுமன் பேச மாட்டேங்கிறான்."

"அவன் வாயால சொல்லட்டும்."

"அவனால முடியாது தாத்தா. ரெத்தம் நிக்கல."

ஜெயித்தவன் அப்படித்தான் கத்துவான். பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டேன். ஒரு மணி நேரம் தட்டினான். பிறகு மழை பிடித்துக்கொண்டது, ஒன்றும் கேட்கவில்லை.

மழை விட்டும் உள்ளே சத்தமே இல்லாததால் திறந்தபோது, என் பேரன் வெறும் மேலோடு இருந்தான். அவன் சட்டை சுமனுடைய தலையில் கட்டியிருந்தது. சுமனுடைய கை சில்லிட்டுப் போயிருந்தது.

என் பேரனுக்காகத்தான் இவ்வளவும் செய்தேன். ஐந்து வயதிலிருந்து அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டிய கை இது. அவன் உங்கள் முன்னால் நின்று, "தாத்தாதான் பூட்டுனாரு, தாத்தாதான் பொய் சொல்லி ஏத்திவிட்டாரு" என்கிறான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வெளியாள் சொல்லியிருந்தால் எனக்கு வலித்திருக்காது.

நீங்கள் எழுதி வாசித்த வாக்குமூலமெல்லாம் சரி. பூட்டியது நான். பொய் சொன்னது நான். தட்டத் தட்டத் திறக்காததும் நான். கைநாட்டு வைத்துவிட்டேன்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. இரண்டு பேரும் நிஜமாகவே கூட்டாளி என்றால், என் பேரன் ஏன் அடித்தான்?

நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், ஐயா. ஜீப் நிற்கிற இடம் தெரியும். யாரும் பிடிக்க வேண்டாம், நானே நடந்து போகிறேன்.