ஆமா, இல்லை என்று இரண்டு பட்டன்

நெடுஞ்சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த சமயம் அது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ் சூளகிரியில் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் கம்பெனி யூனிஃபார்மில் இரண்டு பேர். இளையவர் திடீரென்று சொன்னார்:

“அண்ணா, நேத்து பெங்களூர்ல ஒரு கம்ப்யூட்டர் என்னைப் பொம்பளை ஆக்கிடுச்சு.”

பெரியவர் திரும்பிப் பார்த்தார். “என்னப்பா சொல்ற?”

“ஓவியக் கண்காட்சிக்குப் போனேன். அங்க ஒரு பெரிய திரை, மேல கேமரா. முன்னால நின்னா நம்ம முகமே பொம்பளை முகமா தெரியுது. நான் சிரிச்சா அவளும் சிரிக்கிறா.”

“வீடியோ கேமா?”

“இல்லண்ணா. ஜெயிக்கிறது தோக்கிறது எதுவும் இல்ல. ‘இது நீங்களா?’ன்னு கன்னடத்துல ஒரு கேள்வி வந்துச்சு. ஆமா, இல்லன்னு ரெண்டு பட்டன்.”

“இல்லன்னு அமுக்கிட்டு வர வேண்டியதுதானே?”

“அமுக்கத்தான் போனேன். கை வரல. ஆமான்னு அமுக்கிட்டேன்.”

“கூட்டத்துல கை மாறிப் பட்டிருக்கும்.”

“பார்த்துதான்ணா அமுக்கினேன்.”

“வைகாசியில கல்யாணத்த வச்சிக்கிட்டு இது என்னப்பா?”

“அதான் எனக்கும் புரியல. ராத்திரி முழுக்கத் தூங்கல. உங்ககிட்டதான் சொல்றேன்.”

பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அந்தத் திரை எத்தனை நாளைக்கு இருக்கும்?”

“அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும்.”

“நானும் வரேன். ஆனா நான் எந்த பட்டனை அமுக்குறேன்னு நீ பார்க்கக் கூடாது.”