வரியின் தலையில் தேடியவள்

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஆங்கில இலக்கியப் பரீட்சை எழுதிவிட்டு வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள். சின்னமனூர் வருவதற்குள் சன்னலோரப் பெண் வினாத்தாளை ஒன்பது முறை விரித்து மடித்துவிட்டாள்.

"கேள்வித்தாள்ல குடுத்திருக்க கவிதைய எழுதுனவனுக்கு எதுகையே வரலடி. அதத்தான் ஒரு பக்கம் எழுதிருக்கேன்."

"எங்கன பாத்த?"

"வரிக்கு ரெண்டாவது எழுத்துல. எட்டு வரியிலயும் ஒண்ணுகூட ஒத்து வரல."

"அடிப்பாவி! அது நம்ம பாட்டுக்குடி. இங்கிலீஷ்ல வரி முடியிற எடத்துலதான வைப்பாக."

"வெளையாடாத நஸீமா. இதுலயும் அரியர் விழுந்தா பி.எட். கெடையாது, கல்யாணந்தான்னு அப்பா சொல்லிட்டாக."

"கடைசி வார்த்தைய மட்டும் சத்தமா வாசி."

வாசித்தாள். இரண்டிரண்டாக நான்கு ஜோடி. நானும் விரல் விட்டு எண்ணினேன். எல்லாம் ஒத்து வந்தன. மறுபடியும், இந்த முறை முழு வரிகளாக, சன்னல் கம்பியில் தாளம் தட்டி வாசித்தாள்.

"நல்லாத்தாண்டி எழுதிருக்கான்" என்றபோது குரல் உடைந்துவிட்டது.

நஸீமா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "விடுடி. அடுத்த தடவ வெளுத்து வாங்கிருவ."

"அதுக்குள்ள எங்க வீட்டுல பந்தக்கால் ஊண்டிருவாகடி."