மாத்திரையைத் தின்ற தயிர்

“எங்க வூட்டுக்காரரு மாத்திர துன்னாரு. அந்த மாத்திரய தயிரு துன்னுடுச்சி.”

பட்டினப்பாக்கத்திலிருந்து தி.நகர் போகும் பஸ். முன் சீட்டில் ஒரு பூக்காரம்மா பக்கத்தில் இருந்தவளிடம் இப்படிச் சொன்னதும், நான் காதிலிருந்த இயர்ஃபோனைக் கழற்றிவிட்டேன்.

“இன்னாடி சொல்ற?” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

“வயித்துல கிருமின்னு டாக்டரு மாத்திர குடுத்தாரு. கசக்குதுன்னாரு இவரு. தயிர்சோத்து உருண்டைக்குள்ள வெச்சி நான்தான் ஊட்டிக்கினு இருந்தேன். பாலு, தயிரோட சேந்து போனா அந்த மாத்திர ஒடம்புல ஏறாதாம். போன வாரம் போனப்போதான் டாக்டரு சொன்னாரு.”

“அதான் வலி நிக்கலியா?”

“ஆமா. நான் இன்னாடான்னா, திருட்டுத்தனமா குடிக்கிறாருன்னு திட்டித் தீத்துட்டேன். புள்ளைங்க தலைல அடிச்சி சத்தியம் பண்ணாரு. நம்பல.”

“இப்ப எப்பிடி கீது?”

“அதே மாத்திரதான், வெறுந்தண்ணில குடுக்கிறேன். வலி கொறஞ்சிடுச்சி.”

“அவராண்ட விஷயத்த சொல்லிட்டியா?”

பூக்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“டாக்டரு வேற மாத்திர எழுதிட்டாருன்னு சொல்லிகீறேன்.”